உள்ளே விடாத துணி

என் நைனா ஒரே ஒரு முறைதான் என்னை அறைந்தார். அடையாற்றில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவின் வராண்டாவில், நாலு பேர் பார்க்க, கன்னத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயது. எதற்கு அறைந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. தெரிந்த பிறகு கோபம் குறையவில்லை. அதிகமாயிற்று.

நைனா தையல்காரர். ஆனால் சொந்த மிஷின் கிடையாது. மிஷின் இல்லாத தையல்காரர்கள் அந்தக் காலத்தில் மெட்ராஸில் நிறையப் பேர் இருந்தார்கள். பங்களாக்களில் வேலை கிடைக்கும். கத்தரியும் இஞ்ச் டேப்பும் எடுத்துக்கொண்டு காலையில் போனால், வராண்டாவில் ஒரு பாயும் அந்த வீட்டு மிஷினும் இருக்கும். திரைச்சீலை, தலையணை உறை, குழந்தைகள் சட்டை என்று பொழுது சாயும் வரை தைத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்குள்ளே காலடி வைக்கக் கூடாது. நைனா ஆறு வருஷம் அந்த ஒரே வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டின் கூடம் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

நாங்கள் மந்தைவெளியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நைனா, அம்மா, நான், தொட்டிலில் தம்பி. அம்மா வீட்டில் உட்கார்ந்து கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். பட்டன் போடும் துவாரத்தைச் சுற்றி நூலால் கட்டும் வேலை. அவள் விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்தி, உப்பு பட்டாலும் எரியாத அளவுக்கு மரத்துப் போயிருந்தது. அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். வீட்டில் ஒரு மிஷின் வரவேண்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அந்தப் பங்களாத் துரை குடும்பம் சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவாயிற்று. அவர்களுக்கு ஒரே மகள். என் வயசு. ஏதோ மலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவளை மிஸ்ஸி என்பார்கள். ஊருக்குப் போகுமுன் கடைசியாக ஒரு விருந்து. அதில் மிஸ்ஸி ஆடவேண்டும். நுனிக்காலில் நின்று ஆடும் அவர்கள் நாட்டு ஆட்டம். பாலே என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது, துரைசானி நைனாவிடம் காட்டிய ஒரு படம். அதில் ஒரு பெண் வெள்ளை உடுப்பில் பறவை மாதிரி நின்றாள். மேலே உடம்போடு ஒட்டிய சட்டை. இடுப்பைச் சுற்றி, கவிழ்த்த தட்டு மாதிரி, வலையாலான பாவாடை.

கப்பலில் துணி வராத காலம். ஊரில் ரேஷனில் அளந்து கொடுக்கும் கண்ட்ரோல் துணிக்கே கியூ. துரைசானி எங்கிருந்தோ பாரசூட் பட்டு கொண்டுவந்தாள். பாவாடைக்கு வலை கிடைக்கவில்லை. நைனாதான் பட்டாளத்துக் கொசுவலை போதும் என்றார். அதைச் சலவை செய்து, அம்மா வடித்த கஞ்சியில் முக்கி, வெயிலில் காயவைத்து, ஏழு அடுக்காகச் சுருக்கித் தைத்தால் விறைப்பாக நிற்கும். முதல் தடவை கடல்காற்றில் தொங்கிப் போயிற்று. இரண்டாம் தடவை எறும்பு வந்தது. மூன்றாம் தடவை கஞ்சியில் வேலம்பிசின் கரைத்துவிட்டார். நின்றது. அந்தப் படத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் அவர் அதைச் செய்தார். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு, சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அளவெடுக்க மிஸ்ஸி இல்லை. விருந்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வருவாள். அப்போதுதான் என்னைக் கூட்டிவரச் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்கு முந்திய மிஸ்ஸியின் கவுனை எனக்கு மாட்டிப் பார்த்தார்கள். பொருந்தியது. துரைசானி தலையை ஆட்டினாள். அவள் சொன்னதை அந்த வீட்டுப் பட்லர் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"உன் பொண்ணு மேல வச்சித் தைச்சிக்கச் சொல்லுது. ஆனா கொழந்த வளர்ந்திருக்கும், பத்தலன்னா பிரிச்சி வுடறதுக்கு உள்ள துணி நல்லா வுட்டுத் தைக்கச் சொல்லுது. அப்புறம் இன்னொண்ணு நைனா. ட்ரெஸ்ஸு நல்லா வந்துச்சுன்னா, போம்போது இந்த மிசினு உனுக்குத்தான்னு சொல்லுது."

அன்று மாலை அந்தச் சேதியை நான்தான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். உடனே எழுந்து ஜன்னலோரம் இருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்து வேறு பக்கம் வைத்தாள். அந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகினாள். வெளிச்சம் அங்கேதான் விழும், மிஷின் அங்கேதான் நிற்கவேண்டும் என்றாள். ஒரு மாதம் அந்த இடத்தில் எதையும் வைக்கவிடவில்லை. தம்பி தவழ்ந்து போனால்கூடத் தூக்கி நகர்த்திவிடுவாள்.

ஆக, நான் மிஸ்ஸிக்குப் பதிலாக நிற்கும் உடம்பு ஆனேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் நாள் போனதும் பட்லர் என்னைக் கிணற்றடிக்குப் போகச் சொன்னார். குளித்துவிட்டு வரவேண்டுமாம்.

"காலைலதான் குளிச்சா," என்றார் நைனா.

"அது உங்க ஊட்டுக் குளியலு. இது இந்த ஊட்டுக் குளியலு," என்றார் பட்லர். அவருக்கு எப்போதும் கிண்டல்தான்.

அந்த வீட்டு ஆயா சிவப்பு சோப்பு ஒன்றை எடுத்து என்னைத் தேய்த்தாள். கழுத்து, அக்குள், காது மடல், விரல் இடுக்கு. தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினாள், ஒரு மயிர் வெளியே வரக்கூடாது என்று. உடம்பெல்லாம் பவுடர் கொட்டினாள். அதற்கு மேல் பழைய படுக்கை விரிப்பில் தைத்த ஒரு உள்சட்டையை மாட்டினாள். அதற்கும் மேல்தான் அந்த வெள்ளை உடுப்பு. துரைசானி நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். நைனா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு என்னைச் சுற்றி முட்டிபோட்டு நகர்வார். முடிந்ததும் உடுப்பைக் கழற்றி வெயிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆயா அதன்மேல் ஏதோ வாசனைத் தண்ணீரைத் தெளிப்பாள்.

எங்கள் வீட்டில் சோப்பு என்பது துணிக்கு மட்டும். பவுடர் என்றால் என்னவென்றே தெரியாது. எனக்காக ஒரு துரைசானி சோப்பும் பவுடரும் வாசனைத் தண்ணீரும் செலவு செய்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஒன்பது வயசுப் பெண்ணுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். திரும்பி வரும்போது நான் நைனாவிடம் சொன்னேன்.

"அந்தத் தொரசாணிக்கு என்னை ரொம்பப் புட்ச்சிப் போச்சி நைனா."

"உம்," என்றார்.

இப்படி ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் கிணற்றடி, சிவப்பு சோப்பு, தலைத்துண்டு, விரிப்புச் சட்டை, வெயில், வாசனைத் தண்ணீர். தலைக்கு வைக்கும் அலங்காரத்துக்கு இறகு வேண்டும் என்றபோது நானே ஆற்று முகத்துவாரத்துக்கு ஓடினேன். குப்பத்துப் பக்கம் மணலில் கொக்கு இறகு கிடக்கும். பொறுக்கிப் பொறுக்கி மடியில் கட்டினேன். மீன் காயவைத்துக் கொண்டிருந்த ஒருத்தி, "இன்னாடி, கொக்கு செத்துப்போச்சின்னு கருமாதி பண்ணப் போறியா?" என்று கேட்டாள். "துரைசானி வீட்டுக்கு," என்றேன் கெத்தாக. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு இறகு தேடிக் கொடுத்தாள். அந்த இறகுகளை ஆயா மூன்று முறை சோப்பில் அலசினாள்.

மிஸ்ஸி வருவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு மத்தியானம். துரைசானி எங்கோ வெளியே போயிருந்தாள். ஆயா பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். உடுப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டு, விலாவிலும் முதுகிலும் தைத்து, கொக்கியும் வைத்தாகிவிட்டது. கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்க்க நைனா கூப்பிட்டார். நான் வழக்கம்போல் கிணற்றடிக்கு நடந்தேன்.

"வேணாம். வா," என்றார்.

விரிப்புச் சட்டையை எடுத்தேன். அதையும் வாங்கித் தள்ளி வைத்தார். தலையில் துண்டு கட்டவில்லை. வெறும் உடம்பில் அந்தப் பட்டைப் போட்டுவிட்டார். பாரசூட் பட்டு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குளிர்ச்சியாக, தண்ணீர் மாதிரி. அதுவரை எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பழைய விரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

நைனா இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிப் பிடித்தார். என் விலா எலும்பு தெரியும் இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார். கழற்றி வாங்கி அந்தக் கோட்டின்மேல் மறுபடியும் மிஷின் ஓட்டினார். அந்த வழியாகப் போன பட்லர் நின்று பார்த்தார்.

"இன்னா நைனா, புள்ளைக்கே தைக்கிற மாதிரி கீது?"

நைனா சிரிக்கவில்லை. "அளவு இதுதான?" என்றார்.

பட்லர் போன பிறகு உடுப்பை உட்புறம் திருப்பினார். உள்ளே விட்டிருந்த துணி முழுவதையும் தையலை ஒட்டிக் கத்தரியால் வெட்டினார். நீள நீளமாக நாலு துண்டு பாயில் விழுந்தது. மறுபடியும் எனக்கு மாட்டினார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கதவிடுக்கு வழியாக உள்ளே ஒரு அலமாரிக் கண்ணாடி மட்டும் தெரியும். அதில் என்னைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. என் தோல் மாதிரியே இருந்தது.

"நல்லா கீதா?" என்று கேட்டார். தைத்த துணியைப் பற்றி நைனா யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"நல்லா கீது நைனா."

"சரி. கழட்டு."

பாயில் கிடந்த நாலு துண்டையும் நான் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டேன். வெட்டுத்துணி எப்போதும் எனக்குத்தான். அவர் கவனிக்கவில்லை.

மிஸ்ஸி வந்த அன்று நைனா விடியற்காலையிலேயே போய்விட்டார். அம்மா எனக்குத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டாள். அந்தப் பட்டுத் துண்டுகளையே ரிப்பனாகக் கட்டிவிட்டாள். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாள். வெட்டுத்துணி என்றேன். பிறகு தன் பழைய சேலை ஒன்றை என்னிடம் கொடுத்து, "நைனா கிட்ட குடு. சும்மாடு கட்டிக்கட்டும். மிசின தலைல வச்சி பாத்து எடுத்துக்கினு வரச் சொல்லு. பாலத்துல காத்து அடிக்கும், பத்திரம்," என்றாள்.

நான் போனபோது வராண்டாவில் எல்லாரும் இருந்தார்கள். மிஸ்ஸி உடுப்புக்குள் நின்றாள். உண்மையைச் சொன்னால், நின்றாள் என்று சொல்ல முடியாது. பாதி உள்ளே இருந்தாள். அந்த ஒரு வருஷத்தில் மலைப் பால், மலை வெண்ணெய், நன்றாகச் சதை போட்டிருந்தாள். முதுகில் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. துரைசானி இழுத்துப் பிடித்தாள். விலாவில் தையல் பிரிந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மிஸ்ஸி அழுதாள். கெட்ட பெண் இல்லை அவள். யாராக இருந்தாலும் அழுதிருப்பாள்.

துரைசானி ஏதோ சொன்னாள். பட்லர், "பிரிச்சி வுடு நைனா, சீக்கிரம்," என்றார்.

நைனா அசையவில்லை. மிஸ்ஸி உள்ளே போய்க் கழற்றி அனுப்பிய உடுப்பைப் பட்லரே வாங்கி உட்புறம் திருப்பினார். தையலை ஒட்டி ஒரு நூல் கனம்கூடத் துணி இல்லை.

"இன்னாய்யா இது? எங்கய்யா துணி?"

"வுட மறந்துட்டேன்," என்றார் நைனா, தரையைப் பார்த்து.

அப்போதுதான் நான் படியேறி, சேலையை நீட்டினேன். "சும்மாட்டுக்கு அம்மா குடுத்துச்சி நைனா."

நைனா நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். சட்டென்று வந்து இரண்டு பின்னலிலும் இருந்த பட்டை உருவினார். முடியோடு பிடுங்கினார். நான் "ஐயோ" என்று கத்தினேன். அறைந்தார். துரைசானி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அந்தத் துண்டுகள் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டன.

பட்லர் பார்த்துவிட்டார். எனக்கு அது நிச்சயம். என் தலையையும் நைனாவின் பையையும் கையிலிருந்த உடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போதும் கிண்டலாக இருக்கும் வாய் மூடிக்கொண்டது. துரைசானி கேட்டதற்கு இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மட்டும் தெரிகிறது. கொடுத்திருந்தால் நாங்கள் நடந்து வீட்டுக்கு வந்திருக்க மாட்டோம். துரைசானி உடுப்பை வாங்கி நைனாவின் பாய்மேல் எறிந்தாள்.

"போயிடு நைனா," என்றார் பட்லர் மெதுவாக. "பொண்ண இட்டுக்கினு போயிடு. இனி வராத."

நைனா உடுப்பை மடித்து அம்மாவின் சேலையில் சுற்றிக்கொண்டார். பாலத்தின் நடுவில் நின்று, பையிலிருந்த பட்டுத் துண்டுகளை எடுத்து ஆற்றில் போட்டார். நான் என் ரிப்பனுக்காக அழுதேன். ரிப்பனுக்காக!

அம்மா அழவில்லை. கேட்டாள்.

"மறந்துட்டியா? பொறந்த கொயந்திக்குச் சட்டை தைச்சாலும் ரெண்டு வெரலு வுட்டுத் தைக்கிற கை உன்னுது. எப்படி மறந்துச்சி?"

எப்படி என்று நைனா கடைசி வரைக்கும் அவளிடம் சொன்னதே இல்லை. அவளும் பல வருஷம் விடாமல் கேட்டாள். துரை வீட்டுச் சாமானெல்லாம் ஏலம் போயிற்று. மிஷினும் போயிற்று. உள்ளே துணி விடத் தெரியாத தையல்காரன் என்று பேர் பரவி, வேறு பங்களாவிலும் நைனாவை உட்காரவைக்கவில்லை. கடைசியில் அவரும் அம்மாவோடு உட்கார்ந்து காஜா எடுத்தார். கத்தரி பிடித்த கை காஜா எடுப்பது என்றால் என்னவென்று தையல் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அந்த உடுப்பின் வலையை அம்மா பிரித்து, கஞ்சி போகத் துவைத்து, தம்பி தொட்டிலுக்குக் கொசுவலை கட்டினாள். பட்டுச் சட்டையை எனக்காகத் தைத்துச் சேர்க்கப் பார்த்தாள். பிரிந்த இடத்தைப் பிடிக்க உள்ளே துணி இல்லை. என் அளவுக்கே தைத்த சட்டையை என்னாலும் போட முடியவில்லை. ஜன்னலோரம் மெழுகிய இடம் அப்படியே இருந்தது. குடத்தை யாரும் திரும்ப அங்கே வைக்கவில்லை.

எல்லாரும் சொன்ன மாதிரி நானும் நைனா மறந்துவிட்டார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் வாடகை மிஷினில் உட்கார்ந்து, யாருக்கோ ரவிக்கை தைத்து, உள்ளே பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். மெல்லிய துண்டு ஒன்று மடியில் விழுந்தது. அப்படியே கையை நிறுத்திவிட்டேன். மறந்தவன் முதலிலேயே துணி விடாமல் வெட்டியிருப்பான். விட்டுத் தைத்த பிறகு உட்கார்ந்து வெட்டி எடுப்பவன் எதையும் மறக்கவில்லை. நாலு துண்டு. நானே பொறுக்கினேன். நானே தலையில் கட்டிக்கொண்டு போய் நின்றேன்.

அன்று மாலையே போய்க் கேட்டேன். நைனாவுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. ஊசியில் நூல் கோக்க என்னிடம்தான் நீட்டுவார்.

"இன்னாது? எனுக்கு ஞாபகம் இல்ல," என்றார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மத்தியான ரோஷத்துக்கு எங்கள் எல்லாருடைய சோற்றையும் வெட்டிப் போட்டார். அம்மா விரல் தேய்ந்து செத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கு அந்தக் குளியல் வலிக்கவே இல்லை, மிஷின்தான் வேண்டும் என்று. வலித்தது எனக்கில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

ஒவ்வொரு முறையும் அந்த வீட்டிலிருந்து திரும்பும்போது பாலத்தின் நடுவில் நான் நின்றுவிடுவேன். சோப்பு வாசனை போவதற்குள் அவருக்கும் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்று தோன்றும். கையை உயர்த்தி அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன்.

"மோந்து பாரு நைனா."

அவரும் நிற்பார். குனிந்து, என் கையைப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மோந்து பார்ப்பார். ஏழெட்டுத் தடவையும் பார்த்தார். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

"நல்லா கீது," என்பார்.